ஆதாரைக் காட்டுவதும் கொடுப்பதும்

இந்தப் பொங்கல் விடுமுறையில் ஏற்காடு போயிருந்தோம். நான், மனைவி, மகள், அம்மா, தங்கை. அம்மாவுக்கு மாடிப்படி ஆகாது, கஞ்சி வைக்க ஓர் அடுப்பும் வேண்டும். அதனால் ஓட்டலை விட்டுவிட்டு, ஒரு வயதான தம்பதி தங்கள் வீட்டின் கீழ்த்தளத்தை நாள் வாடகைக்கு விடும் ஹோம்ஸ்டே ஒன்றைப் பிடித்தோம். முன்பணம் அனுப்பிய பத்தே நிமிடத்தில் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது: "சார், எல்லாரோட ஆதாரும் முன்பக்கம் பின்பக்கம் போட்டோ எடுத்து அனுப்பிடுங்க. போலீஸ் ரூல்."

என்னுடையதை யோசிக்காமல் அனுப்பினேன். அம்மா, மனைவி, மகள் ஆதாரெல்லாம் ஏற்கெனவே என் போனில்தான் இருந்தது. தங்கையிடம் கேட்டபோது மட்டும், "கட்டாயம் அனுப்பணுமா அண்ணா?" என்றாள். அவளுக்கு விவாகரத்து ஆகி மூன்று வருடம். வீடு மாறியதும் ஆதாரில் முகவரியை மாற்றிவிட்டாள். ஆனால் முகவரிக்கு மேலே 'இன்னாரின் மனைவி' என்ற வரி அப்படியே தங்கிவிட்டது. புது முகவரி முன்னாள் கணவர் பக்கத்தில் யாருக்கும் தெரியக் கூடாது என்று கவனமாக இருப்பவள். நான் சொன்னேன்: "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, எல்லா இடத்துலயும் கேக்கறதுதான். அனுப்பு." அனுப்பினாள்.

ஏற்காட்டில் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது வீட்டுக்கார அம்மா சிரித்த முகமாக வந்து எல்லோரையும் பெயர் சொல்லி வரவேற்றார். தங்கையிடம் மட்டும், அந்த மனிதரின் பெயரைச் சொல்லி, "அவர் வரலையாம்மா?" என்று கேட்டார். துளியும் கெட்ட எண்ணம் இல்லை. அட்டையில் படித்ததைத்தான் அன்பாகக் கேட்டார். தங்கை "இல்லம்மா, வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்று சாயங்காலம் வரை சரியாகப் பேசவில்லை.

இருபது வருடமாக டேட்டாபேஸோடு குப்பை கொட்டுகிறேன். அலுவலகத்தில் யாராவது தேவையில்லாமல் ஒரு காலத்தில் பிறந்த தேதியைச் சேர்த்து வைத்தால் சண்டை போடுபவன். சொந்தத் தங்கை "கட்டாயமா?" என்று கேட்டபோது, பதில் தெரியாமலே "ஆமாம்" என்றிருக்கிறேன். ஊர் திரும்பிய பிறகு பதிலைத் தேடினேன். அந்தத் தேடலின் குறிப்புகள்தான் இது.

ஏன் கேட்கிறார்கள்?

முதலில் வீட்டுக்காரர் பக்கம் நின்று பார்ப்போம். அவர் கேட்பதற்கு உண்மையான காரணங்கள் உண்டு. முன்பின் தெரியாத ஒருவருக்குத் தன் வீட்டுச் சாவியைத் தருகிறார். ஏதாவது நடந்தால் போலீஸ் முதலில் கேட்பது, "யார் தங்கினாங்க? ரிஜிஸ்டர் எங்கே?" என்றுதான்.

இந்த வழக்கம் புதிதும் இல்லை. வெள்ளைக்காரர் காலத்தில் 1867இல் 'சராய்' சட்டம் என்று ஒன்று வந்தது. சராய் என்றால் வழிப்போக்கர் தங்கும் விடுதி. மாவட்ட நீதிபதி கேட்டால், முந்தைய நாள் வந்து தங்கியவர்கள் யார் யார் என்று விடுதி நடத்துபவர் தெரிவிக்க வேண்டும் என்பது அதில் ஒரு பிரிவு. வெளிநாட்டவர் விஷயத்தில் கடமை இன்னும் கறாரானது. அவர்கள் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் குடியேற்ற அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். பல காலமாக இதை 'சி படிவம்' என்பார்கள். 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டம் போய் 2025இல் புதுச் சட்டம் வந்த பிறகும் தெரிவிக்கும் கடமை தொடர்கிறது.

ஆக, "யார் தங்கினார்" என்பதற்கு ஒரு பதிவு இருக்க வேண்டும். இதில் எனக்கு மறுப்பு இல்லை. என் கேள்வி அடுத்த படியில் இருக்கிறது. பதிவு வேண்டும் என்றால் ஆதாரின் முழுப் படம் எதற்கு?

இங்கே மூன்று வேலைகள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. ஒன்று, சரிபார்ப்பது: வந்தவர் தான் சொல்லும் ஆள்தானா? இரண்டு, பதிவது: பெயர், ஊர், தொலைபேசி எண், வந்த நேரம், போன நேரம். மூன்று, நகல் வைத்துக்கொள்வது. முதல் இரண்டும் தேவை. மூன்றாவது, முதல் இரண்டையும் செய்ததாக நம்மை நம்பவைக்கும் ஒரு பழக்கம். அவ்வளவுதான்.

போட்டோ எதைச் சரிபார்க்கிறது?

எதையும் இல்லை. ஆதார் அட்டையின் படத்தில் பெயரையும் முகத்தையும் மாற்ற ஒரு போட்டோ எடிட்டரும் அரை மணி நேரமும் போதும். வாட்ஸ்அப்பில் வரும் ஜேபெக் படத்தைப் பார்த்து அது அசலா போலியா என்று யாராலும் சொல்ல முடியாது.

"எண் சரியா என்று பார்க்கலாமே?" என்று ஒரு நண்பர் கேட்டார். ஆதார் எண் 12 இலக்கம். கடைசி இலக்கம் 'வெர்ஹோஃப்' என்ற கணக்குமுறையில் வரும் சோதனை இலக்கம். ஓர் எண்ணைத் தப்பாக அடித்தாலோ, பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை மாற்றி அடித்தாலோ அது கண்டுபிடித்துவிடும். ஆனால் அது தட்டச்சுப் பிழையைத்தான் பிடிக்கும், திருடனைப் பிடிக்காது. இந்தச் சோதனையில் தேறும் 12 இலக்க எண் ஒன்றை நானே இருபது வரி நிரலில் உருவாக்கிவிடலாம்.

உண்மையில் சரிபார்க்கக்கூடிய ஒரு விஷயம் அதே அட்டையில் இருக்கிறது. யாரும் அதைத் தொடுவதில்லை. அதுதான் அந்த க்யூஆர் கட்டம். 2018 முதல் வரும் க்யூஆரில் பெயர், பிறந்த தேதி, முகவரி, சின்னதாக ஒரு புகைப்படம், ஆதாரின் கடைசி நான்கு இலக்கம் ஆகியவை இருக்கும். முழு எண் இருக்காது. அதோடு ஆதார் ஆணையத்தின் டிஜிட்டல் கையெழுத்தும் சேர்ந்திருக்கும்.

டிஜிட்டல் கையெழுத்தை இப்படி நினைத்துக்கொள்ளுங்கள். ஆணையத்திடம் மட்டும் ஒரு ரகசியச் சாவி இருக்கிறது. அதற்கு இணையான பொதுச் சாவி உலகத்துக்கே தெரியும். ரகசியச் சாவியால் இட்ட முத்திரையைப் பொதுச் சாவியை வைத்து யார் வேண்டுமானாலும் சோதிக்கலாம், ஆனால் புதிதாக இட முடியாது. க்யூஆரில் உள்ள பெயரில் ஓர் எழுத்தை மாற்றினாலும் முத்திரை பொருந்தாது. ஆணையத்தின் ஸ்கேனர் செயலியில் காட்டினால், சரி என்றால் விவரமும் படமும் வரும். படத்தில் உள்ள முகமும் எதிரே நிற்கும் முகமும் ஒன்றுதானா என்று கண்ணால் பார்த்துவிட்டால் வேலை முடிந்தது. அந்தக் கடைசிப் படி முக்கியம். கையெழுத்து அட்டை அசல் என்றுதான் சொல்லும். கொண்டு வந்தவர் அசலா என்பதை முகம்தான் சொல்ல வேண்டும்.

அதாவது வாசலில் முப்பது வினாடி க்யூஆர் பார்ப்பது, வாட்ஸ்அப்பில் வாங்கும் நூறு போட்டோவைவிட வீட்டுக்காரருக்குத்தான் அதிகப் பாதுகாப்பு.

நகல் எங்கே போகிறது?

இரண்டாம் நாள் காலை காபி குடித்துக்கொண்டே வீட்டுக்காரரிடம் கேட்டேன். "ஐயா, இந்த ஆதார் போட்டோவெல்லாம் என்ன பண்ணுவீங்க?" அவர் ஒளிவுமறைவு இல்லாமல் போனை எடுத்துக் காட்டினார். கேலரியில் பேரன் பிறந்தநாள் படம், அடுத்து யாரோ நான்கு பேர் ஆதார், அடுத்து வீட்டு ரோஜாச் செடி, அடுத்து ஒரு குடும்பத்தின் ஆதார். நான்கு வருடமாக இப்படியே சேர்ந்திருக்கிறது. போனை வாங்கித் தந்த மகன் தானியங்கி பேக்கப் போட்டுக் கொடுத்திருக்கிறார். அதே கணக்கு அம்மாவின் டேப்லெட்டிலும் இருக்கிறது. பேரன் அதில்தான் கார்ட்டூன் பார்க்கிறான்.

"இதையெல்லாம் அழிச்சா நாளைக்கு யாராவது வந்து கேட்டா என்ன பண்றதுன்னு பயம் தம்பி. வச்சிருந்தா அதுவும் பயம்" என்றார். அந்தப் பதில் இன்னும் என் மனதில் இருக்கிறது. நகல் சேர்ப்பது விருந்தினருக்கு மட்டும் ஆபத்து இல்லை. வைத்திருப்பவருக்கும் அது வீட்டுக்குள் வைத்த வெடி மருந்துதான்.

பெரிய நிறுவனம் என்றால் பத்திரமாக இருக்கும் என்றும் சொல்ல முடியாது. 2018 நவம்பரில் மாரியட் ஓட்டல் குழுமம் தன் ஸ்டார்வுட் பிரிவின் முன்பதிவுத் தரவு திருடப்பட்டதாக அறிவித்தது. அதில் குறியாக்கம் செய்யப்படாத பாஸ்போர்ட் எண்கள் மட்டும் 50 லட்சத்துக்கு மேல். பிரிட்டனின் தரவுப் பாதுகாப்பு அலுவலகம் 2020இல் ஒரு கோடியே 84 லட்சம் பவுண்டு அபராதம் போட்டது. 2025 ஆகஸ்டில் இத்தாலிய ஓட்டல்களில் விருந்தினரிடம் ஸ்கேன் செய்து வாங்கிய பாஸ்போர்ட்டும் அடையாள அட்டையுமாகப் பல்லாயிரம் படங்கள் திருட்டுச் சந்தையில் விலைக்கு வந்தன.

"ஆதார் நகலை வைத்து என்ன செய்துவிட முடியும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நகலை மட்டும் வைத்து உங்கள் வங்கிக் கணக்கைத் துடைக்க முடியாது, உண்மைதான். ஆனால் பெயர், பிறந்த தேதி, முகவரி, ஆதார் எண் எல்லாம் ஒரே படத்தில், கூடவே வாட்ஸ்அப் எண்ணும். "சிபிஐயிலிருந்து பேசறோம், உங்க ஆதார் நம்பர் இதுதானே?" என்று மிரட்டும் 'டிஜிட்டல் அரெஸ்ட்' கும்பலுக்கு இதைவிட நல்ல கதைக்கரு கிடையாது. சரியான எண்ணைச் சொல்லிவிட்டால் பாதி பேர் நம்பிவிடுவார்கள். என் அம்மா நிச்சயம் நம்பிவிடுவார்.

திருட்டு மட்டும்தான் பிரச்சினையா?

தங்கைக்கு நடந்ததில் திருட்டே இல்லை. ஹேக்கர் இல்லை, கசிவு இல்லை. உரியவர் உரிய அட்டையைப் படித்தார், அவ்வளவுதான். நாம் 'ப்ரைவசி' என்றவுடன் கசிவை மட்டும் நினைக்கிறோம். தேவைக்கு மேல் தெரிவதே ஒரு பிரச்சினை.

ஒரு ஆதார் அட்டை என்னவெல்லாம் சொல்கிறது பாருங்கள். அப்பா பெயர் அல்லது கணவர் பெயர். அதிலிருந்து மதம், சில நேரம் சாதி. முகவரியிலிருந்து ஊர், தெரு, சில ஊர்களில் அதுவே மறுபடி சாதி. இருவர் சேர்ந்து வந்தால் கணவன் மனைவியா இல்லையா என்ற ஊகம். இரண்டு நாள் தங்கப் போகிறவரிடம் இவை எதையும் வீட்டுக்காரர் தெரிந்துகொள்ளத் தேவையில்லை. தெரிந்தால் மனம் மாறவும் வாய்ப்பு உண்டு.

இது வெறும் ஊகம் இல்லை. ஹார்வர்டைச் சேர்ந்த எடல்மன், லூகா, ஸ்விர்ஸ்கி மூவரும் அமெரிக்காவின் 5 நகரங்களில் சுமார் 6,400 ஏர்பிஎன்பி வீடுகளுக்கு ஒரே மாதிரி கோரிக்கை அனுப்பிப் பார்த்தார்கள். பெயர் மட்டும் வேறு வேறு. கறுப்பினத்தவருக்கு உரிய பெயர் இருந்தால், ஏற்றுக்கொள்ளப்படும் வாய்ப்பு 16 சதவீதம் குறைந்தது. 2017இல் அந்த ஆய்வு ஆய்விதழில் வெளியானது. அடுத்த வருடம், முன்பதிவு உறுதியாகும் முன் விருந்தினர் படத்தை வீட்டுக்காரருக்குக் காட்டுவதில்லை என்று ஏர்பிஎன்பி மாற்றிக்கொண்டது.

நம் ஊரில் கோவையில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2019இல் அங்கே ஒரு சர்வீஸ் அபார்ட்மெண்டில் சோதனை போட்ட அதிகாரிகள், திருமணமாகாத ஆணும் பெண்ணும் தங்கியிருந்ததையும், இன்னொரு அறையில் மது பாட்டில் இருந்ததையும் காரணம் காட்டிக் கட்டடத்துக்குச் சீல் வைத்தார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. திருமணமாகாதவர்கள் சேர்ந்து அறையில் தங்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை என்று சொல்லி, சீலை அகற்ற அந்த ஆண்டு டிசம்பரில் நீதிமன்றம் உத்தரவிட்டது. சட்டம் கேட்காத கேள்வியை ஊர் கேட்கிறது. அந்தக் கேள்விக்கான விடையை அடையாள அட்டை நம் சம்மதம் இல்லாமலே சொல்லிவிடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

நான் வக்கீல் இல்லை. படித்ததைச் சுருக்கமாகத் தருகிறேன்.

2017 ஆகஸ்ட் 24 அன்று 9 நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. 2018 செப்டம்பர் 26 தீர்ப்பு, ஆதார் சட்டத்தின் 57ஆம் பிரிவில் தனியார் ஆதாரைக் கேட்க இருந்த வழியை அடைத்தது. 2019 திருத்தத்தில் 8ஏ என்று ஒரு பிரிவு வந்தது. இணையத் தொடர்பில்லாமல் ஆதாரைச் சரிபார்ப்பவர், உரியவரின் சம்மதம் பெற வேண்டும், வேறு அடையாளம் தரலாம் என்பதைச் சொல்ல வேண்டும், எந்தக் காரணத்துக்காகவும் ஆதார் எண்ணைச் சேகரிக்கவோ சேமிக்கவோ கூடாது. நான் தேடிய பதில் கிட்டத்தட்ட இந்த ஒரு பிரிவிலேயே இருந்தது.

2022 மே மாதம் ஒரு வேடிக்கை நடந்தது. ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், நகலை யாரிடமும் கொடுக்காதீர்கள், உரிமம் இல்லாத ஓட்டல்களும் சினிமா தியேட்டர்களும் நகலை வாங்கி வைக்கக் கூடாது என்று அறிக்கை விட்டது. நாடே பரபரத்தது. இரண்டே நாளில், தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று சொல்லி மத்திய அரசு அதைத் திரும்பப் பெற்றது. வழக்கமான எச்சரிக்கையோடு பயன்படுத்துங்கள், போதும் என்றது. அறிக்கை போய்விட்டது, 8ஏ போகவில்லை.

பிறகு 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தேவைக்கு மேல் வாங்காதே, வேலை முடிந்தால் அழி, பத்திரமாக வை என்பதுதான் அதன் சாரம். பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியக் கடமைகள் 18 மாத அவகாசத்துக்குப் பிறகு அமலாகும்.

ஸ்பெயின் அனுபவம் நமக்கு நல்ல பாடம். அங்கே 2024 டிசம்பர் முதல் நாள் வாடகை வீட்டுக்காரர்களும் விருந்தினர் விவரங்களை உள்துறைக்கு அனுப்ப வேண்டும். நம்மைவிடக் கறாரான விதி. உடனே எல்லோரும் பாஸ்போர்ட் நகல் கேட்க ஆரம்பித்தார்கள். 2025இல் அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு அமைப்பு தெளிவாகச் சொன்னது: விவரத்தைப் படிவத்தில் வாங்குங்கள், அட்டையைக் கண்ணால் பார்த்து ஒப்பிடுங்கள், நகல் கேட்காதீர்கள். பதிவு கட்டாயமான நாட்டிலேயே நகல் தேவையில்லை என்றால், "போலீஸ் ரூல்" என்ற ஒரு சொல்லில் நாம் ஏன் அடங்கிவிடுகிறோம்?

என்ன செய்யலாம்?

விருந்தினராக நான் இப்போது கடைப்பிடிப்பது இது.

முன்கூட்டியே பெயர், எத்தனை பேர், என் தொலைபேசி எண், இவை மட்டும் அனுப்புகிறேன். "அட்டையை நேரில் காட்டுகிறேன், க்யூஆரை ஸ்கேன் பண்ணிக்கலாம்" என்கிறேன். பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் மறைத்த ஆதார். ஆணையத்தின் தளத்தில் தரவிறக்கும்போதே முதல் 8 இலக்கத்தை மறைத்துத் தரும் தெரிவு இருக்கிறது. அதிலும் குறுக்கே "இந்த வீட்டில் இந்தத் தேதியில் தங்க மட்டும்" என்று எழுதிவிடுகிறேன். படம் வேறு கைக்குப் போனாலும் எங்கிருந்து போனது என்று தெரியும். இதில் ஒரு குறை உண்டு. மறைத்த ஆதாரிலும் முகவரியும் உறவுப் பெயரும் தெரியும். என் தங்கை போன்றவர்களுக்கு ஓட்டுநர் உரிமமோ வாக்காளர் அட்டையோ எது குறைவாகச் சொல்கிறதோ அதுதான் நல்லது. 2025 ஏப்ரலில் அரசு அறிமுகப்படுத்திய புது ஆதார் செயலி, தேவையான விவரத்தை மட்டும் தேர்ந்தெடுத்துக் காட்டும் வசதியை நோக்கிப் போகிறது. வீட்டுக்காரர்கள் கையில் அது பரவலாக வந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

வீட்டுக்காரர்களுக்கு நான் சொல்வது இன்னும் எளிது. ஒரு நோட்டு வாங்குங்கள். பெயர், ஊர், போன், வந்த நேரம், போன நேரம், பார்த்த அட்டை எது, அதன் கடைசி நான்கு இலக்கம், கையெழுத்து. அதைப் பீரோவில் பூட்டுங்கள். யாராவது அதிகாரி கேட்டால் காட்ட அதுவே போதுமான பதிவு. உங்கள் ஊர் காவல் நிலையத்தில் வேறு ஏதாவது கேட்டால், எதை, எந்த உத்தரவின்படி என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்போதுதான் உங்களுக்கும் பாதுகாப்பு.

ஏற்காட்டை விட்டுக் கிளம்பும் முன் அந்த ஐயாவின் போனில் ஸ்கேனர் செயலியைப் போட்டுக் கொடுத்தேன். என் அட்டையிலேயே சோதித்துக் காட்டினேன். என் படம் திரையில் வந்ததும் ஆச்சரியப்பட்டு அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். எங்கள் ஐந்து பேர் படங்களையும் என் எதிரிலேயே அழித்தார். பேக்கப்பிலும் குப்பைத் தொட்டியிலும் போய் மறுபடி அழிக்க வேண்டியிருந்தது. அதற்குத்தான் கால் மணி நேரம் ஆனது. மற்ற நான்கு வருடப் படங்களை மகன் வந்ததும் அழிப்பதாகச் சொன்னார். போன வாரம் போன் பண்ணினார். நோட்டு போட்டாயிற்றாம். "ரெண்டு பேர் மட்டும், நோட்டுல எழுதறீங்களே இது பத்திரமான்னு கேட்டாங்க தம்பி" என்று சிரித்தார்.

தங்கை இப்போது அட்டையில் அந்த ஒரு வரியை மாற்ற விண்ணப்பித்திருக்கிறாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "நான் கேட்டேன்ல அண்ணா, கட்டாயமான்னு" என்றாள். அடுத்த முறை உங்கள் வீட்டில் யாராவது அப்படிக் கேட்டால், ஒரு நிமிடம் நின்று யோசியுங்கள். பல நேரம் பதில் "இல்லை" என்பதுதான்.